வீட்டு ஃபைபர் தொலைபேசி: எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன் அறிய வேண்டியவை

புது தில்லி: கண்ணாடி இழை வழியாக வீட்டிற்கு இணைய இணைப்புப் பெறும் குடும்பங்களுக்கு, அதனுடன் ஒரு தொலைபேசி எண்ணும் பெரும்பாலும் சேர்த்தே வழங்கப்படுகிறது. இணையத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே வருவதால் அந்த எண்ணைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. நிறுவனப் பணியாளர் நீட்டும் படிவத்தில் கையொப்பமிட்டு, வந்த எண்ணை ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால் அந்த எண் எத்தனை ஆண்டுகள் நிலைக்கும், அழைக்கும்போது மறுமுனையில் யாருடைய பெயர் தெரியும், அவசர உதவி எந்த முகவரிக்கு வரும் என்பனவெல்லாம் அந்தச் சில நிமிடங்களிலேயே தீர்மானமாகி விடுகின்றன. அவற்றைப் பின்னர் மாற்றுவது எளிதன்று.

பழைய கம்பியும் புதிய இழையும்

செப்புக் கம்பி வழியாக இயங்கிய பழைய தரைவழித் தொலைபேசிக்குத் தேவையான மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. எனவே வீட்டில் மின்தடை ஏற்பட்டாலும் தொலைபேசி இயங்கியது. ஃபைபர் இணைப்பில் குரல், தரவுத் துணுக்குகளாக மாற்றப்பட்டு ஒளி வடிவில் பயணிக்கிறது. அதை மீண்டும் குரலாக மாற்றித் தருவது வீட்டுச் சுவரில் பொருத்தப்படும் ஓஎன்டி எனப்படும் பெட்டியாகும். அந்தப் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் தேவை. மின்சாரம் நின்றால், யுபிஎஸ் போன்ற மாற்று ஏற்பாடு இல்லாத வீட்டில் தொலைபேசியும் நின்றுவிடும்.

இந்தியாவில் இணையவழித் தொலைபேசிக்கு 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதி உள்ளது. எனினும் இந்தியாவிலுள்ள சாதாரணத் தொலைபேசிகளை இணையம் வழியாக அழைப்பதற்குத் தொடக்கத்தில் வழியில்லை. இந்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2017 அக்டோபரில் விரிவான பரிந்துரைகளை வழங்கியது. அவற்றின் அடிப்படையில் 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனைகளைத் திருத்தியது. அடுத்த மாதமே பிஎஸ்என்எல் நிறுவனம் 'விங்ஸ்' என்ற செயலிவழிச் சேவையை அறிவித்தது.

இன்று வாடிக்கையாளர் முன் இரண்டு வகைச் சேவைகள் உள்ளன. ஒன்று, வீட்டு முகவரியுடன் பிணைக்கப்பட்ட ஃபைபர் தரைவழி எண். மற்றொன்று, செயலி வழியாக எங்கிருந்தும் பயன்படுத்தக்கூடிய எண். சில நிறுவனங்கள் தரைவழி எண்ணையே செயலி மூலம் திறன்பேசியிலும் பயன்படுத்த அனுமதிக்கின்றன. தம் வீட்டிற்கு வருவது இவற்றில் எது என்பதைக் கேட்டறிவதே முதல் படியாகும்.

எண்ணே வெளிப்படுத்தும் தகவல்

இந்தியாவில் தரைவழி எண் என்பது எஸ்டிடி குறியீடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்த 10 இலக்கங்களைக் கொண்டது. முன்னால் இடப்படும் சுழியம் இதில் சேராது. 011 என்றால் தில்லி, 022 என்றால் மும்பை, 033 என்றால் கொல்கத்தா, 044 என்றால் சென்னை, 080 என்றால் பெங்களூரு என்பதைப் பலரும் அறிவர். குறியீட்டை அடுத்து வரும் முதல் இலக்கம் பொதுவாகச் சேவை நிறுவனத்தைக் காட்டும் என்பது அவ்வளவாக அறியப்படாதது. 2 எனத் தொடங்கும் எண்கள் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் நிறுவனங்களுக்கும், 4 எனத் தொடங்குபவை ஏர்டெல் நிறுவனத்திற்கும் ஒதுக்கப்பட்டவை.

ஆகவே ஒரு தரைவழி எண்ணைப் பார்த்தவுடனேயே, அதை வைத்திருப்பவர் எந்த ஊரில் வசிக்கிறார், எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்பதை ஓரளவு கணித்துவிட முடியும். செல்பேசி எண்ணில் இந்த உறுதி இல்லை. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி முதலும், மாநிலம் மாறினாலும் அதே எண்ணைத் தொடரும் வசதி 2015 ஜூலை முதலும் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளன. நிறுவனத்தின் பெயரைச் சரியாகச் சொல்லி, கட்டண நிலுவை உள்ளதாக மிரட்டும் அழைப்பு தரைவழித் தொலைபேசிக்கு வந்தால், பெயரைச் சரியாகச் சொன்னதை மட்டும் அதன் உண்மைத்தன்மைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

பழைய எண்ணா, புதிய எண்ணா

செல்பேசிக்கு உள்ள எண் மாற்றா வசதி தரைவழி எண்ணுக்கு நடைமுறையில் இல்லை. நிறுவனத்தை மாற்றினால் எண்ணும் மாறும். வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால் எஸ்டிடி குறியீடே மாறிவிடும். பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய எண்ணை உறவினர்களும் மருத்துவரும் குறித்து வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அதே நிறுவனத்தின் செப்புக் கம்பி இணைப்பிலிருந்து ஃபைபர் இணைப்பிற்கு மாறும்போது, தொழில்நுட்ப வசதி இருப்பின் பழைய எண்ணைத் தக்கவைத்துக்கொள்ள முடியும். பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களுக்கு இந்த வாய்ப்பு உள்ளது. ஆனால் பழைய இணைப்பை முதலில் ஒப்படைத்துவிட்டுப் புதியதற்கு விண்ணப்பித்தால் எண் கைவிட்டுப் போகக்கூடும். 'இணைப்பு மாற்றம்' எனவே கோர வேண்டும். 'புதிய இணைப்பு' எனக் கோரக்கூடாது.

புதிய எண்ணைப் பெறுவோருக்கு வேறொரு சிக்கல் உண்டு. அந்த எண் முன்பு வேறொருவரிடம் இருந்ததாக இருக்கலாம். செல்பேசி எண்கள் துண்டிக்கப்பட்ட பின் 90 நாட்கள் வரை வேறு வாடிக்கையாளருக்கு ஒதுக்கப்படுவதில்லை என 2023-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் டிராய் தெரிவித்தது. அதன் பின் அவை மீண்டும் புழக்கத்திற்கு வருகின்றன. முந்தைய உரிமையாளரைத் தேடி வரும் கடன் வசூல் அழைப்புகள் புதியவரைத் தொல்லைப்படுத்துவது இதனால்தான். இதன் மறுபக்கமும் உண்டு. ஓர் எண்ணைக் கைவிடுவோர் வங்கி, காப்பீடு, எரிவாயு இணைப்பு, பள்ளி ஆகியவற்றின் பதிவுகளிலிருந்து அந்த எண்ணை நீக்கிய பின்னரே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இல்லையெனில் அவர்களுக்கான தகவல்கள் முன்பின் அறியாத ஒருவரின் செவியை எட்டும்.

இணைப்பு யாருடைய பெயரில்

அழைப்பவரின் எண்ணுடன் பெயரையும் திரையில் காட்டும் 'சிஎன்ஏபி' வசதியை நாடு முழுவதும் அறிமுகப்படுத்த 2024 பிப்ரவரியில் டிராய் பரிந்துரைத்தது. இந்த வசதி இயல்பாகவே இயங்கும் வகையில் இருக்க வேண்டும் என்ற தொலைத்தொடர்புத் துறையின் கருத்தை 2025 அக்டோபரில் ஆணையம் ஏற்றுக்கொண்டது. திரையில் தெரிய வேண்டியது, வாடிக்கையாளர் விண்ணப்பப் படிவத்தில் உள்ள பெயர் ஆகும். தனியார் செயலிகளில் அவரவர் விரும்பியபடி பதிந்துகொள்ளும் பெயருக்கு இதில் இடமில்லை.

எனவே படிவத்தில் யாருடைய பெயர் எழுதப்படுகிறது என்பது முன்பைவிட முக்கியத்துவம் பெறுகிறது. தனியாக வசிக்கும் பெண்ணோ முதியவரோ, தம் பெயர் ஒவ்வொரு கடைக்கும் உணவு விநியோகப் பணியாளருக்கும் தெரிய வேண்டுமா என்பதை முன்கூட்டியே சிந்திக்கலாம். நம்பத்தக்க குடும்ப உறுப்பினர் ஒருவரின் பெயரில் இணைப்பைப் பெறுவது அனுமதிக்கப்பட்ட வழியே. ஆயினும் அந்த எண்ணுக்கான சட்டப் பொறுப்பு அவரையே சாரும். பொய்யான பெயரில் பெறுவது குற்றமாகும். ஆள்மாறாட்டத்தின் மூலம் சிம் உள்ளிட்ட அடையாளங்களைப் பெறுவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ.50 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் வகை செய்கிறது.

எண்ணை மறைத்து அழைக்கும் வசதி பல நாடுகளில் எளிதில் கிடைக்கிறது. இந்தியாவில் அது கட்டுப்படுத்தப்பட்ட ஒன்று. தொலைத்தொடர்புத் துறை வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டே அளிக்கப்படுவதால், சாதாரண வாடிக்கையாளர் கேட்டவுடன் அது கிடைக்காது.

அடையாளச் சான்றாக ஆதாரை மட்டுமே அளிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும், 2019-ஆம் ஆண்டு சட்டத் திருத்தமும் தொலைபேசி இணைப்புக்கு ஆதார் பயன்பாட்டை வாடிக்கையாளரின் விருப்பத்திற்கு விட்டுள்ளன. வாக்காளர் அடையாள அட்டை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றையும் அளிக்கலாம். நகல் கொடுக்கும்போது, எந்த இணைப்புக்காக, எந்தத் தேதியில் அளிக்கப்பட்டது என அதன் மீதே எழுதிக் கையொப்பமிடுவது பாதுகாப்பான பழக்கமாகும்.

எந்த எண்ணை யாருக்குக் கொடுப்பது

வங்கிக் கணக்கு, ஆதார், யுபிஐ ஆகியவை இன்று செல்பேசி எண்ணைச் சார்ந்துள்ளன. ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தியாக அந்த எண்ணுக்கே வருகிறது. வழக்கமான தரைவழித் தொலைபேசியில் குறுஞ்செய்தி வராது. இதுவரை குறையாகக் கருதப்பட்ட இந்தத் தன்மையைத் தனியுரிமைப் பாதுகாப்புக்குப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

கடை ரசீது, குடியிருப்போர் சங்கப் பட்டியல், கண்காட்சிப் பதிவேடு, பொருள் விநியோகம் போன்றவற்றுக்குத் தரைவழி எண்ணையும், வங்கி, அரசுச் சேவைகளுக்குச் செல்பேசி எண்ணையும் அளித்தால், பணத்துடன் பிணைந்த எண் பரவலாகக் கசிவது குறையும். தொல்லை அழைப்புகள் வந்தாலும் அவை வரவேற்பறையோடு நின்றுவிடும்.

தரைவழி எண்ணையும் விளம்பர அழைப்புத் தடுப்புப் பட்டியலில் சேர்க்கலாம். அந்தத் தொலைபேசியிலிருந்து 1909 என்ற எண்ணை அழைத்து விருப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். அனைத்து விளம்பரங்களையும் தடுக்கலாம். வங்கி, வீட்டுமனை, கல்வி, சுகாதாரம் போன்ற குறிப்பிட்ட பிரிவுகளை மட்டும் தடுக்கவும் இயலும். விளம்பர அழைப்புகளுக்கு 140 எனத் தொடங்கும் வரிசையும், சேவை மற்றும் பரிவர்த்தனை அழைப்புகளுக்கு 1600 எனத் தொடங்கும் வரிசையும் ஒதுக்கப்பட்டுள்ளன. தேவையற்ற அழைப்பு குறித்துப் புகார் அளிக்கும் அவகாசத்தை 3 நாட்களிலிருந்து 7 நாட்களாக 2025 பிப்ரவரியில் டிராய் உயர்த்தியது என்பது குறிப்பிடத்தக்கது.

செயலியும் பெட்டியும்

தரைவழி எண்ணைத் திறன்பேசியில் பயன்படுத்த உதவும் செயலிகள், தொடர்புப் பட்டியல், ஒலிவாங்கி, அழைப்புப் பதிவு ஆகியவற்றுக்கு அனுமதி கோரலாம். பேசுவதற்கு ஒலிவாங்கி அனுமதி இன்றியமையாதது. தொடர்புப் பட்டியலுக்கான அனுமதியை மறுத்தாலும் எண்ணை நேரடியாக அழுத்தி அழைக்க முடிகிறதா என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். குடும்பத்தில் பலர் ஒரே எண்ணைச் செயலி வழியாகப் பயன்படுத்தினால், ஒருவரின் அழைப்பு விவரம் மற்றவருக்குத் தெரியுமா என்பதையும் முன்பே அறிந்துகொள்வது நல்லது. பழைய கைபேசியை விற்கும் முன் செயலியிலிருந்து வெளியேறத் தவறினால், வாங்குபவர் அந்த வீட்டு எண்ணிலிருந்தே அழைக்கும் நிலை ஏற்படலாம்.

ஓஎன்டி பெட்டியுடன் வரும் தொடக்கக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் இணைப்புக் கிடைத்த அன்றே மாற்ற வேண்டும். வெளிநாட்டு அழைப்புகளுக்கான ஐஎஸ்டி வசதி தேவைப்படாத வீடுகளில் அதை முடக்கி வைப்பது, எண் தவறாகப் பயன்படுத்தப்பட்டால் ஏற்படும் கட்டண இழப்பைத் தடுக்கும்.

அவசர அழைப்பும் முகவரியும்

காவல்துறை, தீயணைப்பு, மருத்துவ உதவிக்கான ஒருங்கிணைந்த எண் 112 ஆகும். தரைவழி எண்ணிலிருந்து வரும் அழைப்புக்குரிய இடம், இணைப்பின் பதிவேட்டில் உள்ள முகவரியைக் கொண்டே அறியப்படுகிறது. படிவத்தில் முகவரி பிழையாக இருந்தால் உதவி தாமதமாகும். செயலி வழியாக வேறு ஊரிலிருந்து அழைத்தால் இருப்பிடம் தவறாகவே தெரியக்கூடும்.

இணையவழித் தொலைபேசி நிறுவனங்கள் அவசர அழைப்பு வசதியை அளிக்க ஊக்குவிக்கப்படலாம் என்றும், அதை அப்போதைக்குக் கட்டாயமாக்க வேண்டியதில்லை என்றும் டிராய் தனது 2017 பரிந்துரையில் கூறியிருந்தது. இந்த வரம்புகளை வாடிக்கையாளருக்கு ஐயமின்றித் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே பரிந்துரையில் இடம்பெற்றது. முதியோர் தனித்து வாழும் வீட்டில் ஃபைபர் தொலைபேசியை மட்டுமே நம்பியிராமல், மின்னேற்றம் செய்யப்பட்ட செல்பேசி ஒன்றையும் வைத்திருப்பது அவசியமாகிறது.

சட்டம் தரும் பாதுகாப்பு

தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம் தரவுகளைத் திருத்தவும் நீக்கவும் கோரும் உரிமையைக் குடிமக்களுக்கு அளிக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்திற்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன.

அதே வேளையில், யார் யாரை எப்போது அழைத்தார் என்ற விவரங்களைக் குறைந்தது 2 ஆண்டுகள் சேமித்து வைக்க வேண்டும் என்பது 2021 டிசம்பர் முதல் நிறுவனங்களுக்கான உரிம நிபந்தனையாகும். எனவே இணைப்பைத் துண்டித்தவுடன் எல்லா விவரங்களும் அழிந்துவிடும் எனக் கருத முடியாது.

குறை இருப்பின் முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தையும், தீர்வு கிடைக்காவிடில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பையும் அணுகலாம். மோசடி முயற்சி எனச் சந்தேகிக்கப்படும் அழைப்புகளை 'சஞ்சார் சாத்தி' தளத்தின் 'சக்ஷு' பிரிவிலும், பண இழப்பை 1930 என்ற எண்ணிலும் உடனே தெரிவிக்கலாம்.

கையொப்பமிடும் முன்

நிறுவனப் பணியாளரிடம் கேட்க வேண்டியவை ஐந்து: பழைய எண்ணைத் தொடர முடியுமா? பதிவேட்டில் எந்தப் பெயரும் முகவரியும் இடம்பெறும்? எண் விவரம் தொலைபேசி விவரத் திரட்டிலோ விசாரணைச் சேவையிலோ வெளியிடப்படுமா, அதைத் தவிர்க்க இயலுமா? மின்தடையின்போது தொலைபேசி எவ்வளவு நேரம் இயங்கும்? செயலியில் 112 அழைப்பு இயங்குமா? இவற்றுக்கான விடைகளை எழுத்து வடிவிலோ மின்னஞ்சலிலோ பெற்று, விண்ணப்பப் படிவத்தின் நகலுடன் பாதுகாத்து வைப்பது பின்னாளில் எழும் சிக்கல்களுக்கு ஆதாரமாக அமையும்.