பெயரில்லா வீரர்களும் சபைப் பதிவேடுகளும்

முதல் உலகப் போருக்குச் சென்று மீளாத தம் முன்னோர் ஒருவரின் கல்லறையை வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக் குடும்பத்தார் தேடப் புகுவாராயின், அத்தேடல் பல வேளைகளில் கல்லறையில் முடிவதில்லை. ஓர் எண்ணிக்கையில் முடிகின்றது. இதன் காரணத்தை அறிவது சபை வரலாற்றைப் பயிலும் நமக்கும் கடமையாகும்.

அப்போரின்போது சென்னை மாகாணத்தில் பதனிடப்பட்ட தோல், படையினரின் காலணிகளுக்காக அரசால் வாங்கப்பட்டது. தோலோடு ஆட்களும் சென்றனர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டதும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பணிபுரிந்ததுமான சென்னைச் சாப்பர்ஸ் படை, மெசொப்பொத்தாமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், பணியாற்றியது. போருக்குப்பின் மாகாணத்தின் சிற்றூர்கள் பலவற்றில் நாட்டப்பட்ட நினைவுக் கற்கள், இவ்வூரிலிருந்து சென்றோர் இத்தனை பேர், மாண்டோர் இத்தனை பேர் என்று மட்டுமே கூறின.

1917இல் அமைக்கப்பட்ட பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம், பதவியோ இனமோ சமயமோ கருதாது மாண்டோர் அனைவரையும் ஒப்ப மதிப்பதாக அறிவித்தது. பிரான்சு நாட்டின் நவ் சாப்பேலில் 1927இல் திறக்கப்பட்ட நினைவகத்தில் ஏறத்தாழ 4,700 இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஆயின் 1929இல் பாஸ்ராவில் திறக்கப்பட்ட நினைவகத்திலோ, இந்திய அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே இடம்பெற்றன; கல்லறை அறியப்படாத 33,000க்கும் மேற்பட்ட சாதாரண இந்திய வீரர்கள் படைவாரியாக வெறும் எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்டனர். இவ்வேற்றுமைக்குக் காரணம் அக்காலத்து இனப் பாகுபாடே என்பதை 2021இல் ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரிற்று.

எனினும் தேடலுக்கு வழியுண்டு. ஆணையத்தின் பதிவுகளில் இந்திய வீரர் பலருக்குப் படை எண்ணும், பிரிவும், தந்தை பெயரும், ஊரும் காணப்படுகின்றன. அவற்றில் மாவட்டம் வட ஆற்காடு என்றே இருக்கும். ஆம்பூரோ 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மேலும், தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளில் கேட்டவாறே எழுதப்பட்டவை. தேவசகாயம் என்னும் ஒரு பெயரையே பலவாறு எழுதலாம். ஞானஸ்நானப் பெயர் ஒன்றாகவும் ஊரார் அழைத்த பெயர் வேறாகவும் இருப்பின் குழப்பம் மிகும்.

இவ்விடத்திலேதான் சபைப் பதிவேடுகள் துணை நிற்கின்றன. 1853இல் தோன்றிய ஆற்காட்டு மிஷனின் சபைகளாயினும், ஆம்பூரின் லுத்தரன் சபைகளாயினும், ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் ஒருவருடைய பெயர், பெற்றோர், ஊர் ஆகியவை ஒருங்கே கிடைக்கக்கூடும். படைப் பதிவோடு இவற்றை ஒப்பிட்டாலன்றி இன்னார் இன்னாரே என்று துணிதல் அரிது.

ஆகவே, பழைய பதிவேடுகளைக் கறையானுக்கும் ஈரத்துக்கும் விட்டுவிடாது காத்தலும், படையிற் சேர்ந்தோரைப் பற்றி மூத்தோர் கூறுவனவற்றைக் குறித்து வைத்தலும் போதகர்களின் பணியிற் சேர்ந்தவையே எனக் கருதுகிறோம். ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் நினைவுகூருதல் ஆராதனை நடத்தும் சபைகள், தம் ஊர் வீரர் ஒருவரின் பெயரையேனும் கண்டறிந்து அன்று வாசிப்பார்களாக. கல் மறைத்த பெயரைச் சபையேனும் உரைத்தல் தகும்.