ஊழும் வினையும்: ஆசீவகமும் பௌத்தமும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியை ஒட்டி, கர்நாடக எல்லைக்குள் இருப்பது கோலார் மாவட்டம். அங்குள்ள 13, 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் சிலவற்றில் ஆசீவகர் மீது விதித்த வரி குறிக்கப்படுகிறது. வடநாட்டில் தோன்றிய ஒரு சமயத்தின் கடைசிச் சுவடுகள் இவை. ஏ. எல். பாஷம் 1951இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இவற்றைத் தொகுத்து ஆராய்ந்துள்ளார்.

ஆசீவகத்தின் ஆசான் மற்கலி கோசாலர் புத்தரின் காலத்தவர். எல்லாம் நியதிப்படியே நடக்கும், மனித முயற்சியால் எதுவும் மாறாது என்பது அவர் கொள்கை எனப் பாலி நூல்கள் கூறுகின்றன. (ஆசீவகரின் சொந்த நூல்கள் அழிந்துவிட்டதால், மாற்றார் வாய்மொழியாகவே இதை அறிகிறோம்.) வருவது முன்பே வகுக்கப்பட்டது என்றால் அதைக் கணித்தும் சொல்லலாம் அல்லவா? ஆசீவகத் துறவியர் குறிசொல்வதில் பெயர்பெற்றிருந்ததில் வியப்பில்லை.

புத்தர் இக்கொள்கையைக் கடுமையாக மறுத்தார். அவரும் வினையை ஏற்றவரே. ஆனால் மனத்தில் எழும் எண்ணத்தையே வினை என்றார். மோலிய சிவகர் என்ற துறவிக்கு அவர் தந்த விடை முக்கியமானது. பித்தம், கபம், வாதம், பருவமாற்றம் ஆகியவற்றாலும் துன்பம் வரும். எல்லாவற்றையும் பழவினை மேல் ஏற்றுவது பிழை என்றார். நோயாளியிடம் 'உன் தலையெழுத்து' என்று சொல்லி ஒதுங்குவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

சோதிடத்தால் பிழைப்பது பிக்குகளுக்கு விலக்கப்பட்டது. நட்சத்திர சாதகக் கதையில், தன்னை முன்கூட்டியே கேட்கவில்லை என்ற கோபத்தில் ஒருவர் 'இன்று நாள் சரியில்லை' என்கிறார். அதை நம்பிய மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் போய்ச் சேர்ந்தபோது, பெண்ணை வேறொருவருக்கு மணமுடித்துக் கொடுத்திருந்தார்கள்.