காயல் முத்து குற்றாலம் ஏறிய கதை

குற்றாலத்தில் விழுகிற சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, புன்னைக்காயல் பக்கம் கடலில் கலக்கிறது. நான் சொல்ல வந்த முத்தாரம் தண்ணீருக்கு எதிர்த்திசையில் ஏறி வந்தது.

அது பிறந்தது மன்னார் வளைகுடாவின் முத்துப்பாரில். கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து, மூச்சடக்கி இறங்கியவர்கள் சிப்பியை அள்ளி வந்தார்கள். கரையில் குவித்த சிப்பி அழுகி நாறும். அந்தச் சதையைக் கழுவிக் கழுவித்தான் முத்தைப் பொறுக்குவார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்த காயல் துறையில் அது விலை பேசப்பட்டது.

அதற்குப் பிறகு அந்த முத்தை நாம் பார்ப்பது ஒரு நாடகத்தில், குறத்தி ஒருத்தியின் மார்பில். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சி அது. மதுரையை ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) அதற்காகக் கவிராயருக்கு நிலமே கொடுத்தார்.

அந்தக் குறத்தியின் பெயர் சிங்கி. பல நாள் தேடி அலைந்த அவள் கணவன் சிங்கன் அவளைக் கண்டதும் பயந்துபோகிறான். காலில் கிடக்கும் சிலம்பு அவனுக்கு விரியன் பாம்பு. பாடகம் நெளிகிற நாங்கூழ். மார்பில் தொங்கும் முத்தோ, கட்டியில் கிளம்பிய கொப்புளம்! அவள் ஒவ்வொன்றுக்கும் ஊர் சொல்கிறாள். சிலம்பு சேலத்தில் கிடைத்தது, காலாழி கண்டியில், சேலை நெல்வேலியில். ஆரம் காயலார் தந்தது. எல்லாமே குறி சொல்லிச் சம்பாதித்தவை.

பெண்ணுடலை இப்படி ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு வேறொரு வாசிப்பும் உண்டு. ஷேக்ஸ்பியர் கால நாடகங்களில் உடலை ஆராய்கிறவர்கள் சிலர், புலவர்கள் பெண்ணை உறுப்பு உறுப்பாகப் பிரித்து வருணிப்பதை ஓர் ஆதிக்கமாகவே படிக்கிறார்கள். கவிராயரும் நாடகத்தின் நாயகி வசந்தவல்லியைக் கூந்தலில் தொடங்கி அப்படித்தான் பாடுகிறார். அந்த வருணனையில் அவள் பதில் பேசுவதில்லை. சிங்கியை மட்டும் இந்த உரையாடலில் காலிலிருந்து மேலே பாடுகிறார். தெய்வத்தைப் பாதாதிகேசமாகவும் மனிதரைக் கேசாதிபாதமாகவும் பாடுவது நம் மரபு. தெய்வத்துக்குரிய வரிசை ஊர் ஊராய் நடந்து பிழைத்த குறத்திக்குக் கிடைத்திருக்கிறது. இதைக் கவனிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைகிறது. சிங்கியின் உடம்பில் ஒவ்வோர் உறுப்பும் அவள் நடந்த தூரத்தைச் சொல்கிறது. அதைச் சொல்வதும் அவள் வாயே.

1944இல் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி இந்தக் குறவஞ்சியைக் கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக்கினார். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றது. இன்றைக்குச் சிங்கியாக ஆடுகிற பெண்ணின் கழுத்தில் பெரும்பாலும் பிளாஸ்டிக் முத்துதான். சிங்கன் கேட்டால், காயலார் தந்த ஆரம் என்றுதான் அதற்கும் பதில்.