கல்கத்தாவில் நம்ம பலராம்

"நம்ம ஆளுங்க யாராவது பெரிசா ஃபுட்பால் ஆடியிருக்காங்களாப்பா?" என்று மகன் கேட்டான். நல்ல வேளை, பதில் இருந்தது.

துளசிதாஸ் பலராம். 1936-ல் செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்திய அணியில் இருந்தார். அடுத்த வருடமே ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்காக கல்கத்தா வந்துவிட்டார். இடது ஓரமும் ஆடுவார், நடுவிலும் ஆடுவார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக கோல், பெருவுக்கு எதிராகவும் கோல். 1961-ல் இவர் கேப்டன், கல்கத்தா லீக் ஈஸ்ட் பெங்காலுக்கு. 1962-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டி. இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்து தங்கம்!

சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம்: இந்த மூவரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். ஆனால் 1963-லேயே நுரையீரல் நோய் வந்து, முப்பது வயதுக்கு முன்பே பலராமின் ஆட்டம் முடிந்துபோனது. மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இவருக்குக் கடைசிவரை இல்லை.

ஊர் திரும்பவில்லை மனிதர். கல்கத்தாவை ஒட்டிய உத்தர்பாராவில் தனியாக வாழ்ந்து, 2023 பிப்ரவரியில், 86 வயதில் போய்ச் சேர்ந்தார். பிழைக்கப் போன ஊரே சொந்த ஊராகிவிடுவது நமக்குத் தெரியாததா?

கதை முடிந்ததும் மகன் கேட்டான்: "அப்புறம் ஏன்ப்பா இவர் பேரை யாரும் சொல்றதில்லை?"

இதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.