காதணி காட்டும் வரலாறு

தமிழ்ப் பெண்மக்கள் அணிந்த நகைகளுள் காதணிக்குத் தனியிடம் உண்டு. பொருள் மாறியது, வடிவம் மாறியது. அம்மாற்றங்களோடு மக்கள் வாழ்வும் மாறியது.

'தோடு', 'ஓலை' என்னும் சொற்களையே நோக்குங்கள். இரண்டும் பனையோலையைக் குறிப்பவை. பனையோலையைச் சுருட்டிக் காதுத் துளையில் செருகினால், அது விரிய முயன்று துளையைத் தூர்ந்துவிடாமல் காக்கும். பின்னர்ப் பொன்னும் மணியும் வந்தன. பழைய பெயர் மட்டும் நிலைத்தது. ஆடிப் பெருக்கில் காவிரிக்குக் காதோலையும் கருகமணியும் இடும் வழக்கம் அதன் எச்சமே.

1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், திருமேனிகளுக்கு அளித்த தோடு, வாளி, கம்பி முதலியவற்றைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனத் துல்லியமாக எடையிட்டுரைக்கின்றன. சோழர் காலத்து ஆடவல்லான் படிமங்கள் பலவற்றில் வலச்செவியில் மகரக்குழையும் இடச்செவியில் தோடும் விளங்கும். அம்மையும் அப்பனும் ஒருவரே என்பதைச் சிற்பி காதணியாலேயே உணர்த்தினான்.

தென்பாண்டிச் சீமையில் காது வளர்த்தல் ஒரு கலையாகவே இருந்தது. இளம் பருவத்திலேயே துளையிட்டுப் பஞ்சு திணிப்பர். பின்பு குணுக்கு என்னும் ஈய வளையத்தைத் தொங்கவிடுவர். மடல் நீண்டபின் பாம்படம், தண்டட்டி, பூச்சிக்கூடு ஆகியவை இடம்பெறும். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், 1906-இல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் நூலில் இவ்வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். கடல் கடந்த போர்னியோவிலும் பழங்குடிப் பெண்கள் கனத்த வளையங்களால் காது மடலை நீட்டினர்.

பாம்படம் வெறும் அழகுப் பொருளன்று. வங்கி எட்டாத சிற்றூரில் அது பெண்ணின் சொந்தச் சேமிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் நெல்லைச் சீமையார் தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தனர். அவ்வழியே பின்னாளில் வந்தவருள் என் பாட்டியாரும் ஒருவர். வாடகைக்கு முன்பணம் வேண்டியபோது பாம்படம் விலையாயிற்று; வெறுங்காது வேடிக்கைப் பொருளாகவே, மடலை அறுத்துத் தைத்துக்கொண்டார். தையல் தழும்பை நான் கண்டதுண்டு. அப்பாம்படம் எவ்வாறிருந்தது என்பதை இன்று எங்கள் குடும்பத்தில் எவரும் அறியார். படமும் இல்லை.

மராத்தியப் பெண்கள் காதின் மேல் விளிம்பில் அணியும் புகடியைக் காணும்போது, நம் கொப்பு நினைவுக்கு வருகிறது. நாம் குடியேறிய நாட்டிலும் காதுக்கு மதிப்புண்டு.

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இன்று பெண்ணுக்குத் தோடு வாங்குவோர் சிலவற்றைக் கருதுக. தாய்மாமன் மடியில் அமர்த்திக் குத்திய காது ஆறும்வரை கனமான தொங்கட்டான் வேண்டா. அது மடலை இழுத்துக் கிழிக்கும். மலிவான உலோகத்திலுள்ள நிக்கல் சிலருக்கு அரிப்புண்டாக்கும். இரண்டு கிராமுக்குக் குறைந்த தங்க நகைக்குத் தரமுத்திரை கட்டாயமன்று. சிறு தோடுகள் பல இவ்வரம்பினுள் அடங்கும். ஆதலின் மாற்றும் எடையும் குறித்த ரசீதைத் தவறாது பெறுக.

வீட்டில் பழைய பாம்படமோ தண்டட்டியோ இருப்பின், அதனை வெந்நீரில் இடற்க. பொற்றகட்டினுள் அரக்கு நிரப்பிச் செய்யும் மரபாதலின் அது இளகிவிடும். அழுத்தித் தேய்த்தால் தகடு நசுங்கும். மெல்லிய துணியால் துடைத்துத் தனிப்பெட்டியில் வைத்தல் போதும். விற்க நேரின் அரக்கின் எடையைக் கழித்தே விலை தருவர் என்பதையும் அறிக.

வறுமை வந்தால் நகையை விற்பது குற்றமன்று. அதற்காகவே அது சேர்க்கப்பட்டது. ஆயினும் உலையில் இடுமுன் ஒரு படம் எடுத்து, அதன் பெயரையும், அணிந்தவர் பெயரையும், ஊரையும் எழுதி வையுங்கள். பொன்னை மீண்டும் வாங்கலாம். மறந்துபோன வடிவத்தை எக்கடையிலும் வாங்க இயலாது.