எழுந்தால் வரும் வலி

முதுகில் போடும் மரப்பு ஊசியோடு சேர்ந்தே பிறந்தது அதன் தலைவலி. 1898 ஆகஸ்டில், ஜெர்மனியின் கீல் நகரில், அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர் தண்டுவட நீருக்குள் கொக்கெய்ன் செலுத்தும் முறையைத் தன் உடம்பிலேயே சோதிக்க முயன்றார். மருந்துக் குழல் ஊசியில் பொருந்தவில்லை. நீர்தான் நிறைய வெளியேறியது. மறுநாளிலிருந்து எழுந்தால் தலைவலி, படுத்தால் இல்லை. ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். மருத்துவரின் வலி, அடுத்த ஆண்டே அச்சேறியது.

1900இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆஸ்கர் கிரைஸ் அதே ஊசியைப் பிரசவ வலியிலிருந்த ஆறு பெண்களுக்குப் போட்டார். பெண்களின் தலைவலிக்குப் பெரிய அளவில் கணக்கெடுத்தவர்கள் வான்டம், டிரிப்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகளைப் பின்தொடர்ந்து 1956இல் அவர்கள் சொன்னது: தலைவலி வந்தவர்கள் ஆண்களில் 7 சதவீதம், பெண்களில் 14, சுகப்பிரசவமானவர்களில் 22.

ஊசி துளைத்த சவ்வின் வழியே நீர் கசிவதுதான் காரணம். 1960இல் ஜேம்ஸ் கார்ம்லி, நோயாளியின் சொந்த ரத்தத்தையே சிறிதளவு எடுத்து, துளைக்கு வெளியே செலுத்தி அடைத்தார். அவர் சிகிச்சை தந்த ஏழு பேரில் அவரும் ஒருவர். மறுபடியும் மருத்துவரின் தலைவலி! இன்று இருபது மில்லி வரை செலுத்துகிறார்கள். பென்சில் முனை போன்ற மெல்லிய ஊசிகள் வந்தபின் தலைவலி வெகுவாகக் குறைந்தது. ஆனால் எபிடியூரலின் தடித்த ஊசி தவறிச் சவ்வைத் துளைத்துவிட்டால், பாதிப் பேருக்கு மேல் அது வருகிறது.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். அவற்றில் பெரும்பாலும் முதுகில்தான் ஊசி. "தலையணை வைக்காதே, தலையைத் தூக்காதே" என்பதே நாம் கேட்டுவந்த வைத்தியம். மல்லாந்து கிடப்பது வலியைத் தணிக்கும். வராமல் தடுக்காது, துளையையும் அடைக்காது. பால் கொடுக்க எழ வேண்டியவளிடம் "படுத்தே இரு" என்பது எப்படி மருந்தாகும்?

இந்தத் தலைவலியைக் கண்டறிய முதல் சான்று அவள் வாய்ச்சொல்தான். "உட்கார்ந்தால் பிளக்குது, படுத்தால் விடுது" என்று அவள் சொன்னால், தூக்கமில்லாததால் என்று தள்ளிவிடாமல், ஊசி போட்ட மயக்க மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். மாத்திரைக்கு அடங்காவிட்டால் ரத்த அடைப்பு உண்டா என்று கேளுங்கள். படுத்தும் விடாத வலி, பார்வை மங்கல், காய்ச்சல், வலிப்பு இருந்தால் அது வேறு ஆபத்தாக இருக்கலாம். ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

பியர் சொன்னதும் இவள் சொல்வதும் ஒன்றேதான். அவர் சொல்லுக்குக் கிடைத்த மதிப்பு இவள் சொல்லுக்கும் வேண்டும்.