பல்லிற் படியும் படலமும் வேப்பங்குச்சியும்



திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கின்றது. அதன் கரைப்புறத்தில், மூதூரை அடுத்து அமைந்த பழைய ஊர் சம்பூர். பத்திரகாளி அம்மன் கோயிலும் வயல்களும் கடற்றொழிலும் உள்ள இவ்வூரின் மக்கள் 2006ஆம் ஆண்டுப் போரின்போது ஊரைவிட்டு நீங்கினர். ஏறக்குறையப் பத்தாண்டுகள் கழிந்தபின்னரே அவர்கள் தம் காணிகளுக்கு மீளலாயினர். வீடுகள் இருந்த இடத்தில் பற்றைக்காடு மண்டியிருந்தது. இத்தகைய வரண்ட பூமியில் மனிதனுக்கு முதலில் துணைநிற்பது வேம்பு. வெட்டினாலும் அடியிலிருந்து தளிர்க்கும் இயல்பு அதற்குண்டு. நிழலும் மருந்தும் மட்டுமன்றி, காலையில் பல் தீட்ட ஒரு குச்சியும் அது தரும்.

அந்தக் குச்சியின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள். இதனைச் சொல்லத் தொடங்கும் இடமும் கொட்டியாரக் குடாவே.

1660ஆம் ஆண்டு, புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று செப்பனிடுவதற்காக இக்குடாவுக்கு வந்தது. கண்டி அரசனின் ஆட்கள் அதன் தலைவரையும், அவர் மகன் றொபேட் நொக்ஸையும், வேறு சிலரையும் சிறைப்பிடித்தனர். தந்தை இறந்துவிட, மகன் பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பியோடி, 1681இல் இலண்டனில் இலங்கையைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். அந்நூலுக்கு முன்னுரை எழுதியவர் றொபேட் ஹூக் என்னும் விஞ்ஞானி. இதே ஹூக்தான் அதற்கு நான்காண்டுகளின் முன், 1677இல், நுண்ணுயிர்கள் என்பன உண்மையாகவே உள்ளன என்பதை இலண்டன் ரோயல் சொசைட்டிச் சபையில் யாவரும் காணக் காட்டியவர். அவற்றை முதலிற் கண்டு சபைக்கு எழுதியவர் ஒல்லாந்து தேசத்துத் துணி வணிகர் அந்தோனி வான் லீவன்ஹூக் ஆவார்.

லீவன்ஹூக் 1683ஆம் ஆண்டு செப்டெம்பரில் எழுதிய கடிதம் நம் பொருளுக்கு நேரே வருகின்றது. அவர் நாள்தோறும் உப்பினாற் பல் தீட்டுபவர்; வாயைத் துப்புரவாக வைத்திருப்பவர். எனினும் பல்லிடுக்கில் மாவைக் கரைத்தாற்போன்ற வெண்ணிறப் பொருள் சிறிது தங்குவதைக் கண்டார். அதனை மழைநீரிற் கலந்து தம் கண்ணாடிச் சில்லின் வழியே நோக்கியபோது, எண்ணற்ற சிற்றுயிர்கள் துள்ளித் திரிந்தன. வாழ்நாளிற் பல்லே துலக்காத ஒரு முதியவரின் வாயிலோ அவை இன்னும் பெருந்தொகையாய் இருந்தன.

அவர் செய்த மற்றொரு சோதனை இன்னும் சுவையானது. திராட்சைக் காடியினால் வாயைக் கொப்பளித்துப் பார்த்தார். தனியே எடுத்துக் காடியிற் கலந்தபோது மாண்டுபோன உயிர்கள், பல்லிற் படிந்த படலத்தினுள்ளே உயிரோடிருந்தன. காடி படலத்தின் மேற்புறத்தை மட்டுமே தொட்டது, உள்ளே ஊடுருவவில்லை என்று அவர் சரியாகவே முடிவு செய்தார். கொல்லும் மருந்து ஒன்று கையிலிருந்தால் மட்டும் போதாது. படலம் என்னும் கோட்டையை உடைக்கவேண்டும். முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் கூறப்பட்ட இவ்வுண்மையைப் பின்வந்தோர் பலகாலும் மறந்தனர்.

அக்கோட்டை எவ்வாறு கட்டப்படுகின்றது? பேர்லினிற் பணிபுரிந்த அமெரிக்கர் மில்லர், வாயிலுள்ள கிருமிகள் மாப்பொருளையும் சர்க்கரையையும் புளிக்கச்செய்து அமிலமாக்க, அவ்வமிலம் பல்லை அரிக்கின்றது என்று 1890இல் விளக்கினார். 1924இல் இலண்டனிற் கிளார்க் என்பார் பற்சூத்தையிலிருந்து ஒரு பக்டீரியாவைப் பிரித்தெடுத்து, ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் எனப் பெயரிட்டார். இது நாம் உண்ணும் சீனியைக் கொண்டே நீரிற் கரையாத ஒருவகைப் பசையைச் செய்துகொள்கின்றது. அப்பசையினால் தானும் பல்லில் ஒட்டி, பிற கிருமிகளுக்கும் குடியிருப்பு அமைத்துக் கொடுக்கின்றது.

இனி நம் முன்னோரிடம் வருவோம். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது யாவரும் அறிந்த பழமொழி. வேல் என்றது வேம்பையே எனக் கொள்வாருளர்; வேலமரத்தையே என்பதே என் துணிபு. ஆலம்விழுதும் வேலங்குச்சியும் துவர்ப்பு மிக்கவை. அத்துவர்ப்பு முரசை இறுகச் செய்யும் என்பது கிராமத்து வைத்தியர் அறிந்தது. சம்பூருக்கு அயலான மூதூரில் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினர். இஸ்லாமிய மரபில் வழங்கும் மிஸ்வாக் குச்சி, பழந்தமிழர் உகாய் என்றழைத்த மரத்தினது. மரம் வேறாயினும் முறை ஒன்றே: நுனியை மென்று நாராக்குதல், அந்நாராற் பல்லைத் தேய்த்தல். தேய்ப்பு படலத்தைக் குலைக்கும். சாறு குலைந்த இடத்திற் புகும். லீவன்ஹூக்கின் காடி தனித்து நின்று செய்யமுடியாததை இங்கே இரண்டும் கூடிச் செய்கின்றன.

அச்சாற்றில் உள்ளது யாது என்ற ஆராய்ச்சியை டில்லியில் இருந்த சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்னும் இரசாயன அறிஞர் முன்னெடுத்தார். 1942இல் அவர் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்னும் கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். பின்னர் 1996இற் கலிபோர்னியாவில் வேப்பங்குச்சியின் நீர்ச்சாற்றையே சோதித்தனர். கண்டது வியப்பானது. அவர்கள் எடுத்துக்கொண்ட அளவில் அச்சாறு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. ஆயினும் அவை பசை செய்வது குறைந்தது. உமிழ்நீர் பூசிய பல்லுப்பை ஒத்த பரப்பில் ஒட்டுவதும் குறைந்தது. வேம்பு கிருமியைக் கொல்லும் என்றே நாம் பேசிவருகின்றோம். அச்சோதனையில் அது செய்ததோ கொலையன்று, குடியேற்றத்தைத் தடுத்தல். உகாயின் வேரில் வேறொரு வழி உண்டு. அதிலுள்ள பென்சைல் ஐசோதயோசயனேற்று என்னும் காரப்பொருள், முரசு நோயோடு தொடர்புள்ள சில கிருமிகளை விரைந்து அழிப்பதை 2011இற் சுவீடன் ஆராய்ச்சியாளர் காட்டினர்.

இவை கண்ணாடிக் குவளையிற் கண்டவை என்பதை மறத்தலாகாது. வாய் வேறு, குவளை வேறு. செடியிலிருந்து வருவதெல்லாம் நன்மை என்றும் கொள்ளவேண்டாம். வெற்றிலைச் சாற்றுக்குக் கிருமியை ஒடுக்கும் ஆற்றல் உண்டு. அதனோடு நாம் சேர்த்து மெல்லும் பாக்கும் புகையிலையுமோ வாய்ப்புற்றுக்குக் காரணமென ஐயமற நிறுவப்பட்டவை.

குச்சியும் இல்லை, தூரிகையும் இல்லை என்றால் நேர்வது என்ன? 1965இல் ஹரால்ட் லோ என்பாரும் அவர்தம் துணைவரும் பன்னிருவரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். மூன்று வாரத்துக்குள் அனைவர்க்கும் முரசு வீங்கிற்று. மீண்டும் துலக்கியதும் தணிந்தது. அதே லோ 1970இல் இலங்கைக்கு வந்து, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தார். அவர்கள் தமிழர், வழக்கமான பற்சுத்தம் எதுவும் செய்யாதவர். பதினைந்தாண்டுத் தொடர்ச்சியில், நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் விரைந்து முற்றியது. எண்பத்தொருவருக்கு மெல்ல வளர்ந்தது. பதினொருவர் முரசு வீக்கத்துடன் தப்பினர். பற்சிகிச்சை நூல்களில் இவ்வெண்கள் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. அக்காலம் முழுவதிலும் அவர்களைப் பல்நோய்த் தடுப்புத் திட்டமோ சிகிச்சைத் திட்டமோ எட்டவில்லை என்று அவ்வறிக்கையே கூறுகின்றது. உலகம் அவர்தம் வாயிலிருந்து பெரும்பாடம் கற்றது. அவர்கள் பெற்றது என்ன என்று கேட்காதிருக்க என்னால் இயலவில்லை. 2010இல் மீண்டும் தேடிச் சென்றபோது 75 பேரையே பரிசோதிக்க முடிந்தது.

வேம்பு வரண்ட தாழ்நிலத்து மரம். மலைக்குளிரில் அது செழிப்பதில்லை. தமிழகத்தின் வரண்ட ஊர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட அம்மக்களின் மூதாதையர், குச்சி முறிக்க வேம்பில்லாத மலையில் லயன் அறைகளிற் குடியேற்றப்பட்டனர். மரமில்லாமை மட்டுமே காரணமன்று. விடியுமுன் எழுந்து மலையேறும் வாழ்வில் வாயைக் கவனிக்க நேரமேது? அவர்கள் பறித்த தேயிலையிலே கூட, மேற்சொன்ன பசை உண்டாவதைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன என்பதை ஜப்பானிய ஆய்வாளர் பிற்காலத்திற் கண்டனர்.

சம்பூரில் வேம்பு உண்டு. ஆயினும் வேம்பு தராத ஒன்றைப் பற்பசை தருகின்றது. அது பல்லை உறுதியாக்கும் புளோரைட்டு. ஆதலாற் பிள்ளைகளின் பற்பசையைப் பறித்துவிட்டுக் குச்சியைக் கொடுக்கவேண்டாம்; இரண்டும் இருக்கட்டும். குச்சி கொள்வோர் சிறுவிரற் பருமனுள்ள இளங்கொம்பை முறித்து, பட்டையை நுனியிற் சீவி, நன்கு மென்று நாராக்குக. முரசின் ஓரத்திலிருந்து பல்லின் நுனியை நோக்கி மெல்லத் தேய்க்க. குறுக்கே அழுத்தி இழுத்தால் முரசு கிழியும். குச்சி எளிதில் எட்டாத இடம் கடைவாய்ப் பல்லின் உட்புறம். படலம் நிலைத்துத் தங்குவதும் அங்கேதான். அவ்விடத்துக்குத் தூரிகையை வைத்துக்கொள்க.